உப்புக்காற்றுத் துருவா, வெள்ளத் துருவா: ராமநாதபுரம் கடற்கரையில் பழைய கார் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் பழைய கார் பார்க்கப் போனாலும், அடியில் தெரியும் துருவைக் காட்டிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "கடற்கரை வண்டிங்க, துரு இருக்கத்தான் செய்யும்." அது பொய்யில்லை. சில வருடம் இங்கே ஓடிய எந்த வண்டிக்கும் சைலன்சரிலும் சஸ்பென்ஷனிலும் துரு ஏறியிருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரும் அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறது. மதுரையில் சந்தேகத்தைக் கிளப்பும் துரு இங்கே யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

ஆகவே துரு இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்று வெளியிலிருந்தும் அடியிலிருந்தும் அரிக்கும்: சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, சைலன்சர், பானட் ஓரம். வெள்ளம் உள்ளே புகுந்து நிற்கும்: சீட் நகரும் ரெயில், கார்பெட்டுக்கு அடியிலுள்ள தகடு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் திருகுகள், சீட் பெல்ட் சுருளும் பெட்டி. காற்றால் வந்த துரு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். தண்ணீரால் வந்தது ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் இருக்கும், கூடவே வண்டலும் இருக்கும்.

வெள்ள வண்டிகள் எங்கிருந்து வருகின்றன

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாத இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், புதுச்சேரியில் தொடங்கி ஊத்தங்கரை வரை கார்களை அடித்துக்கொண்டு போனது. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொன்றுக்குப் பிறகும் இப்படிப்பட்ட வண்டிகள் சந்தைக்கு வரும்.

வரும் வழி இரண்டு. பழுதுபார்க்கும் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) என்று தீர்த்துவிடும். கிடக்கும் வண்டி ஏலத்துக்குப் போய், எடுத்தவர் கையில் பளபளப்பாகி வேறு மாவட்டத்தில் விலைக்கு நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, இனி ஓட்டவே முடியாத வண்டியின் ஆர்.சி.யை 14 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆர்.சி.யோடு கைமாறும் வண்டிகள்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

இரண்டாவது வழி இதைவிடக் கவலைக்குரியது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தவருக்கு க்ளெய்மே கிடையாது. முழு பாலிசி இருந்தாலும் 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்கவில்லையென்றால், தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் வராது. அவர் கைக்காசில் குறைந்த செலவில் சரிசெய்து விற்றுவிடுவார். எந்த ஆவணத்திலும் தடம் இருக்காது. காகிதம் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து வண்டியும் சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது

பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 72 திருநெல்வேலி, டி.என். 32 விழுப்புரம் என்பதெல்லாம் ஒரு குறிப்புத்தான். நம் டி.என். 65 என்பதால் வண்டிக்கு நற்சான்று ஆகிவிடாது. ராமேசுவரம் தீவுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. கேட்க வேண்டிய கேள்வி இது: மேலே சொன்ன தேதிகளில் இந்த வண்டி எந்தத் தெருவில் நின்றது? அதை அடுத்து, அந்தத் தேதிக்குப் பிறகு சில மாதத்துக்குள் பெயர் மாறியிருக்கிறதா?

கடைசி 3 வருட இன்சூரன்ஸ் பாலிசிகளை வாங்கி 'நோ க்ளெய்ம் போனஸ்' (க்ளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சதவீதத்தைப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் போனால் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2020-ல் வாங்கிய, க்ளெய்மே எடுக்காத காருக்கு 2024 புதுப்பிப்பில் 45 இருக்க வேண்டும். சுழியம் என்றால் பெரும்பாலும் முந்தைய வருடம் க்ளெய்ம் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டு விதிவிலக்கு உண்டு: போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல, அதனால் பெயர் மாறினாலும் சுழியத்திலிருந்து தொடங்கும், போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி இருந்தால் க்ளெய்ம் எடுத்தும் இறங்காது. விற்பவரைக் கூட அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் சர்வீஸ் வரலாற்றை அச்செடுக்கச் சொல்லுங்கள். 'டோ' செய்து (கட்டி இழுத்து) வந்த பதிவு, ஒரே நாளில் ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், கார்பெட், சீட் பெல்ட் மாற்றிய பில், வெள்ள மாதத்துக்குப் பிறகு வரலாறே நின்றுபோனது, இவை மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்லும்.

வண்டியைப் பார்க்கப் போகும் நேரம்

விடியற்காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போங்கள். முந்தின நாளே, "வண்டியைக் கழுவ வேண்டாம், ஸ்டார்ட் பண்ண வேண்டாம், கண்ணாடியை ஏற்றியே வைங்க" என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கரையில் நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. கடல்நீரோ உவர்நீரோ ஊறிய கார்பெட்டை எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது போல, அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து விடிகாலையில் பிசுபிசுக்கும். பகல் 12 மணிக்குத் தொட்டால் மொறமொறப்பாக, புதுசு மாதிரி இருக்கும். விற்பவர் மதியத்தில் வரச் சொல்லி வற்புறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கையோடு டார்ச், சின்னக் கைக்கண்ணாடி, வெள்ளைப் பருத்தித் துணி, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், படுத்துப் பார்க்க ஒரு பழைய விரிப்பு கொண்டுபோங்கள். திருகுகளைக் கழற்றுவதற்கு முன் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் மறுக்கமாட்டார்.

உள்ளே

கதவைத் திறந்ததும் முதல் மூச்சு முக்கியம். அரை நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். புழுங்கிய நாற்றம் தெளிவான அடையாளம். மல்லிகை, எலுமிச்சை என்று மூச்சு முட்டும் வாசனை அடித்தாலும் அதே அளவு சந்தேகப்படுங்கள். பிறகு ஏ.சி.யில் உள்காற்றுச் சுழற்சியை வைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி 10 நிமிடம் விடுங்கள். பிளோயர் அறையில் தங்கிய வண்டல் சூடாகும்போது வாசனைத் திரவியத்தைத் தாண்டி எழும்பும். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் இருக்கும். ஃபில்டர் புதியதாக இருந்தாலும் அது உட்காரும் கூட்டின் மூலைகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பகுதி வண்டியில் மணல் இருப்பது குற்றமில்லை. தனுஷ்கோடி, அரியமான் போய்வந்த எந்த வண்டியிலும் கார்பெட் மேலும் சீட் இடுக்கிலும் மணல் கிடக்கும். அது பருபருவென்று, விரலில் ஒட்டாமல் உதிரும். வெள்ள வண்டல் மாவு மாதிரி நைசாக இருக்கும். காய்ந்தால் தகடாக வெடிக்கும், நனைத்துத் தேய்த்தால் விரலில் பூசிக்கொள்ளும். கால் படாத இடத்தில், அதாவது மூடிய ஸ்பீக்கர் கூட்டிலும் திருகுக் குழிகளிலும், நைஸ் மண் இருந்தால் அதைக் கொண்டுவந்தது தண்ணீர்தான்.

டிரைவர் பக்கக் கதவுப் படியின் பிளாஸ்டிக்கை மேலே இழுத்தால் கழன்றுவிடும். கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சில் வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஈரம், மண் நிறம், தகட்டில் துரு மூன்றையும் பாருங்கள். கார்பெட் மட்டும் புதுசு, சீட் பழசு என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு பில்லைப் பாருங்கள். (ஏ.சி. டிரெயின் குழாய் அடைத்தாலும் முன் பக்கத் தரை நனையும். ஆனால் அது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், மண் இருக்காது.)

சீட்டை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்தி ரெயிலின் உட்பள்ளத்தில் டார்ச் அடியுங்கள். சீட் போல்ட் தலையில் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உரிந்திருந்தால் சீட் வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது. கார்பெட்டைக் காயவைக்கத்தான் பெரும்பாலும் சீட்டைக் கழற்றுவார்கள்.

சீட் பெல்ட்டை யாரும் முழுதாக இழுத்துப் பார்ப்பதில்லை, அங்கேதான் சாட்சி மிச்சமிருக்கும். கடைசி வரை இழுங்கள். சுருளின் உள்சுற்றில், மற்ற இடத்தைவிட நிறம் மாறிய கோடோ மண் கறையோ இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. பெல்ட் மெதுவாக, சிக்கிச் சிக்கித் திரும்பினால் பெட்டிக்குள் மண். பெல்ட்டின் அடியில் தயாரிப்பு மாதமும் வருடமும் போட்ட லேபிள் இருக்கும். வண்டி 2019, பெல்ட் 2024 என்றால் காரணம் கேளுங்கள்.

டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து பிரேக் பெடல் பிராக்கெட், ஃபியூஸ் பாக்ஸ், ஸ்கேன் கருவி மாட்டும் கப்ளர், கார்பெட் ஓரமாக ஓடும் வயரிங் கட்டு ஆகியவற்றைப் பாருங்கள். செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நன்னீர் காய்ந்ததும் அரிப்பு ஓரளவு தணியும். கடல்நீர் அப்படியில்லை: பின்களுக்கு இடையில் உப்பு படிந்து, ஒவ்வொரு ஈரக்காற்றிலும் மின்சாரம் கசிந்து அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடல்நீர் பட்ட கார் வாங்கிய மாதம் நன்றாக ஓடி, அடுத்த ஐப்பசியில் கண்ணாடி இறங்காமல், ஹாரன் தானாக அடித்து, நடுரோட்டில் அணைந்து நிற்கிறது.

ஏர்பேக் கம்ப்யூட்டர் பல கார்களில் கியர் லீவருக்கு அருகே, தரையோடு ஒட்டி இருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனைந்துவிடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். விளக்கை யாரோ துண்டித்திருக்கலாம். விபத்தில் உயிர் காக்க வேண்டிய பொருள் இது, விலை பேசிச் சரிக்கட்டும் விஷயமில்லை.

டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தக் குழியைப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர் துருவும் பேசும். ஹெட்லைட்டுக்குள் பனி படர்வது கடற்கரையில் சகஜம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உள்ளே கிடைமட்டமாக மண் கோடு இருந்தால்தான் சான்று.

இன்ஜினும் அடிப்பக்கமும்

பானட்டைத் திறந்ததும் இன்ஜின் பளபளவென்று இருந்தால் மகிழாதீர்கள். வாட்டர் சர்வீஸ் செய்து பாலிஷ் அடித்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டர் புதிதாக, பெட்டியின் அடியில் மட்டும் நைஸ் மண் இருந்தால் இன்ஜின் தண்ணீரை இழுத்திருக்கலாம். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் எட்டாத இடம் அது.

தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. ஓடும் இன்ஜினின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல், அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைகிறது. டீசலில் எரியும் அறை மிகச் சிறியது என்பதால் குறைந்த தண்ணீரே போதும். கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ராடு உடைந்து பிளாக்கை ஓட்டை போடலாம். கண்டுபிடிக்க, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் காம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்காதீர்கள்.

விற்பவர்கள் இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றிவிடுவார்கள். டிப்ஸ்டிக்கைப் பார்த்துத் திருப்தி அடைவது வீண். கியர் பாக்ஸிலும், பொலேரோ, ஸ்கார்ப்பியோ, பழைய இன்னோவா போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கிரவுனிலும் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி), காற்றுப் போக்கி ஒன்று இருக்கும். சூடாக ஓடிய வண்டி சட்டென்று தண்ணீரில் நின்றால் அதன் வழியே தண்ணீர் உறிஞ்சப்படும். அந்த ஆயிலை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் குழம்பி நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓட்டும்போது ஒலிக்கும் வீல் பேரிங், ஒட்டிக்கொள்ளும் ஹேண்ட்பிரேக் ஆகியவையும் இதே கதைதான்.

வண்டியை ராம்ப்பில் ஏற்றுங்கள். அடியில் புதிதாக அடித்த கறுப்புக் கோட்டிங் இங்கே இயல்பு, கடற்கரைக்காரர்கள் மழைக்கு முன் அடிப்பது வழக்கம். ஆனால் எப்போது, எங்கே அடித்தது என்று பில் கேளுங்கள். போல்ட், ரப்பர் புஷ், சைலன்சர் வளையம் என்று எதையும் விடாமல் பூசியிருந்தால் மறைக்கவே அடித்தது. பெட்ரோல் டேங்கின் மேற்பரப்பு, கியர் பாக்ஸின் முதுகு, சேஸிஸ் சட்டத்தின் உள்துவாரம் ஆகியவற்றைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். சாலையிலிருந்து தெறிக்கும் சேறு அடியில் ஒட்டும். முதுகில் சமமாகப் படிந்திருந்தால் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது.

ஸ்கேன் போடுவது கட்டாயம். கடையில் விற்கும் மலிவான ப்ளூடூத் கருவி பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும் படிக்கும். ஏ.பி.எஸ்., ஏர்பேக், பாடி கண்ட்ரோல் எல்லாவற்றையும் படிக்கும் கருவி வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் போடுங்கள். 'யூ' என்று தொடங்கும் கோளாறு எண்கள் பல வந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை, வயரிங் அரித்திருக்கலாம். கோளாறே இல்லை என்று காட்டினால், கோளாறு எண்களை அழித்த பிறகு ஓடிய தூரம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 15 கிலோமீட்டர் என்று வந்தால் நேற்று அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றி மாட்டியிருக்கிறார்கள். 100 கிலோமீட்டராவது ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் போடலாமா என்று கேளுங்கள். மின்சாரக் கார் என்றால் கம்பெனி சர்வீஸில் பேட்டரி இன்சுலேஷன் அறிக்கை இல்லாமல் பேச்சே எடுக்க வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் என்றால் விலக வேண்டும்

தரைக்குக் கீழே, சக்கரம் வரை மட்டும் நன்னீர் பட்ட வண்டியை, உண்மையைச் சொல்லி விற்றால், பேரிங், பிரேக், கியர் ஆயில் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். கார்பெட் நனைந்தது நன்னீர் என்றால், ஸ்கேனும் ஏர்பேக்கும் சரியாக இருந்து விலையும் நன்றாக இறங்கினால் மட்டும் யோசியுங்கள். கார்பெட் வரை கடல்நீர் என்றால் வேண்டாம். சீட் மெத்தைக்கு மேல் எந்தத் தண்ணீர் ஏறியிருந்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தனுஷ்கோடி ஓரத்தில் அலை தெறித்து ஓடிய வண்டியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அடியில் அரித்திருக்கும், உள்ளே நனைந்திருக்காது.

பணம் கொடுக்கும்போது

டோக்கன் கொடுப்பதற்கு முன்பே, "இந்த வண்டி வெள்ளத்திலோ கடல்நீரிலோ மூழ்கியதில்லை, டோட்டல் லாஸ் க்ளெய்ம் எடுக்கப்பட்டதில்லை, மறைத்தது தெரிந்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்" என்று எழுதி, பதிவெண், சேஸிஸ் எண், கிலோமீட்டர், தேதி போட்டு விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதுவே பதில். புரோக்கர் வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்காது. மாற்றும்போதே இன்ஜின் புரொடெக்டையும் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள், எதையும் பிரிக்கும் முன் மண் கோடு, களிம்பு, பெல்ட் கறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, மெக்கானிக்கிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்கி, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தனிநபரிடம் வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது, சிவில் வழக்காகத்தான் போக வேண்டும். அங்கே கையில் இருக்கும் அந்த எழுத்துதான் உங்கள் முதல் சாட்சி.